பழுது பார்த்தல்

'ரிப்பேர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேர்ந்திருப்பது விசித்திரமான ஒன்று. சரி செய்வதைக் குறிக்கும் அந்தச் சொல் நம் தெருக்களில் கெட்டுப் போவதைக் குறிக்கிறது. 'வண்டி ரிப்பேர்' என்றால் வண்டி ஓடவில்லை என்று அர்த்தம். மருந்தின் பெயரை நோய்க்கு வைத்தது மாதிரி. நம்மிடம் சொந்தமாக இருக்கும் பிரயோகம் 'பழுது பார்த்தல்'. 'வேலை பார்ப்பது', 'கணக்குப் பார்ப்பது' போன்றவற்றில் உள்ளதுபோல, 'பார்த்தல்' இங்கேயும் வெறும் ஒட்டுத்தான் என்று சொல்லிவிடலாம். அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. பழுதைச் சரி செய்கிறவன் முதலில் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்த மாதிரி. கை பிறகு வருகிறது. ஒரு மோட்டார் சைக்கிளை நாமே சரி செய்வதா, பணம் கொடுத்து டீலரிடம் விடுவதா என்ற மிகச் சாதாரணமான கேள்வியை நான் இந்தச் சொல்லின் வழியாகவே யோசிக்க நேர்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை எல்லோரும் அறிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயிலும் அதிலிருந்த சுமார் 800 பேரும் நடுவெள்ளத்தில் நின்றார்கள். தாமிரபரணி சிந்துபூந்துறையிலும் கொக்கிரகுளத்திலும் தெருக்களுக்குள் வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் என் வண்டி சிந்துபூந்துறையில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் நான் பஸ்ஸில் பேட்டைக்குத் திரும்பியிருந்தேன். புதன்கிழமை அங்கே போகிற வழி திறந்தபோது வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. ஸீட்டின் மேல் விரற்கடை கனத்துக்கு வண்டல். ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்குள் பாதியளவு ஆற்றுத் தண்ணீர்.

அந்த வாரம் ஊரில் யாரைப் பார்த்தாலும் வெள்ளத்தில் நின்ற வண்டிக்காரனுக்கு ஒரே உபதேசம்தான்: "ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க." சரியான உபதேசம். தண்ணீர் அமுங்காது. காற்றும் பெட்ரோல் ஆவியும் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கையில் பிஸ்டன் மேலே ஏறினால், இரண்டுக்கும் நடுவில் கனெக்டிங் ராடு வளையும். அதற்குப் பிறகு செலவு வேறு கணக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைத்தான் கேட்கும்: தண்ணீரில் நின்றதா, நின்ற வண்டியை இயக்கிப் பார்த்தீர்களா? நின்றது வெள்ளத்தால் வந்த சேதம், பாலிஸியில் அடங்கும். இயக்கியது நீங்கள் வரவழைத்துக்கொண்டது; பொதுவாக அடங்காது. ஆக, கை வைப்பது என்ற செயலே இங்கே முதலிலிருந்து சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. லோடு ஆட்டோவில் ஏற்றி வண்டியைப் பேட்டைக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். இரண்டு நாள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. கணக்கில் ஆரம்பிப்பது எனக்குப் பழக்கம். வண்டி 2021 ஆரம்பத்தில் கடனில் வாங்கியது, கடன் இருக்கும் வரை முழு இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, வைத்திருந்தேன். இரண்டு வயது முடிந்து மூன்று நிறையாத வண்டிக்கு உலோகப் பாகங்களின் விலையில் 15 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதி. ஆயில் போன்றவற்றுக்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தால்தான் உண்டு. கட்டாயக் கழிவு 100 ரூபாய். க்ளெய்ம் வாங்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் சேர்ந்து வந்த சலுகை பூஜ்யத்துக்குப் போகும். டீலரிடம் எஸ்டிமேட் கேட்டேன். கொட்டகையிலும் கொட்டகைக்கு வெளியே ரோடு வரைக்கும் வண்டிகள். வண்டியின் போட்டோவைப் பார்த்து, எந்த இடத்தையும் அவிழ்க்காமல், கம்ப்யூட்டரில் தட்டி எடுத்த தாளில் 21,000 ரூபாய்ச் சொச்சம் வந்தது. 'எஞ்ஜின் இறக்கி ஓவர்ஹால்' என்பது முதல் வரி. தேய்மானம் எல்லாம் போக என் கைப்பணம் 7,000 ரூபாய் ஆகும். எஞ்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் இருந்து, நாமே செய்தால், இரண்டு தடவை ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பேரிங், பிரேக் எல்லாம் சேர்ந்து 5,000 ஆகும். போயிருந்தால் அதற்கு மேல் எவ்வளவும் ஆகலாம். அதாவது, கணக்கு தீர்ப்புச் சொல்ல மறுத்தது. இந்த மாதிரி விஷயங்களில் கணக்கு பெரும்பாலும் அப்படித்தான். நாம் முன்பே எடுத்துவிட்ட தீர்மானத்துக்குத்தான் அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

முன்பே எடுத்துவிட்ட அந்தத் தீர்மானம் எது என்பதுதான் கேள்வி. படித்து உத்தியோகத்துக்குப் போனவன் ஸ்பானரைத் தொடமாட்டான் என்பது நம்மிடையே ஒரு சட்டம். யாரும் எழுதி வைக்காததால் அதன் பலம் அதிகம். வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். சாணி மிதித்த சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். மறுநாள் செயின் கழன்றால் தள்ளிக்கொண்டு போய் இன்னொருவன் காலடியில் நிறுத்துகிறோம். கருவியை வணங்குவது அதைத் தொடாமல் இருப்பதற்கான சௌகரியமான வழியாகிவிட்டது. யாருடைய கையில் கிரீஸ் படலாம், யாருடைய கையில் படக்கூடாது என்ற பங்கீட்டுக்கும் ஜாதிக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. 'டீலரிடம் விட்டுவிடலாம்' என்று நம்மில் ஒருவன் சொல்கையில் பணம் பேசுகிறது என்று நினைக்கிறோம். அதைவிடப் பழைய ஒன்று பேசுகிறது.

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-இல் வெளிவந்தது. நம் வட்டத்தில் அதை வாசித்தவர்கள் பலர். அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. புத்தகத்தில் இரண்டு கோஷ்டி: தன் வண்டியைத் தானே கவனிப்பவன், கவனிக்க மறுத்து ஸ்தாபனத்திடம் விடுகிறவன். ஒர்க்‌ஷாப்காரர்கள் அக்கறையில்லாமல் வேலை செய்து அவன் வண்டியை மேலும் கெடுக்கும் பகுதியும் உண்டு. கடைசியில் குற்றவாளி ஒரு சின்னஞ்சிறு பின். அமெரிக்காவின் அகண்ட ரஸ்தாக்களில் அந்த இரண்டு பேர் போதும். சேரன்மகாதேவி ரோட்டில் போதாது. இங்கே சொந்தக்காரனுக்கும் டீலருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவன் புளியமரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் என்ற யந்திரம் உயிரோடு இருந்ததே அவனால்தான். பிர்ஸிக்கின் தத்துவத்தில் அவனுக்கு இடமில்லை.

என் தகப்பனாருக்கும் அவனைத் தெரியும். அவர் மில் ஆபீஸில் கணக்கு எழுதியவர்; பழைய யெஸ்டி ஒன்று வைத்திருந்தார். மைசூரில் முதலில் ஜாவாவாகவும் பிறகு யெஸ்டியாகவும் செய்யப்பட்ட வண்டி. ஆலை 1996-இல் மூடப்பட்டது. கிக்கரே கியர் லீவராகவும் வேலை செய்யும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்ஜினாதலால் சைலன்ஸரில் கரி அடைத்துக்கொள்ளும். வருஷம் ஒரு தடவை உள்குழாயை உருவி விறகடுப்பில் சுட்டுக் கரி தட்டுவார். பாயிண்ட் இடைவெளி பார்க்க மெல்லிய தகடுகள் அடுக்கிய கேஜ் ஒன்று அவரிடம் இருந்தது. பானா, திருப்புளி, குறடு எல்லாம் ஒரு காக்கிப் பையில். இதைச் சொல்கிறபோது ஒரு ஜாக்கிரதை தேவைப்படுகிறது. தற்சார்பு என்று நாம் இப்போது பெயரிட்டுக் கொண்டாடுவது அன்றைக்கு வேறு வழியின்மை. ஒரு ஸ்கூட்டருக்குப் பத்து வருஷம் வரை காத்திருந்த தேசம் இது; கிடைத்த வண்டியைச் சாகவிட யாருக்கும் முடியாது. சாமானுக்கு மதுரைக்கு எழுதிப் போட வேண்டும். அவர் கை வைத்தது தத்துவத்தால் அல்ல. ஆனாலும் வேறு வழியின்மை அவருக்கு ஒன்றைக் கொடுத்தது: வண்டி இடும் சப்தத்தை வைத்து அதன் நிலையைச் சொல்வார். அவர் பார்த்த மாதிரி நான் என் வண்டியைப் பார்க்கவில்லை என்பது ஒரு குறை அல்ல. என் வண்டி அப்படிப் பார்க்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

இது முக்கியமான விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற புகை விதிக்கு உட்பட வேண்டும் என்றாயிற்று. நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறு. இதற்கு முன் 2018 அக்டோபரிலேயே சுப்ரீம் கோர்ட் அந்தத் தேதிக்குப் பிறகு பழைய ரகத்தை விற்கக் கூடாதென்று சொல்லிவிட்டது. அதோடு கார்புரேட்டர் போயிற்று. பெட்ரோலை அளந்து தெளிக்க இன்ஜெக்டர், அளவைத் தீர்மானிக்கச் சின்னக் கம்ப்யூட்டர், அதற்குச் செய்தி சொல்லச் சூட்டையும் காற்றையும் புகையையும் உணரும் சென்ஸார்கள். இதன் நியாயத்தை மறுக்கிறவன் நகரத்துக் குழந்தைகளின் நுரையீரலை மறுக்கிறவன். டூ-ஸ்ட்ரோக்கின் நீலப் புகையில் கவித்துவம் காண்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் புகை குறைய வேண்டும் என்பதற்கும், வண்டி தன் நோயைக் கம்பெனியின் ஸ்கேனரிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்பதற்கும் அவசியமான தொடர்பு ஏதுமில்லை. முன்னது சட்டம், பின்னது வியாபாரம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டுக்கும் சட்டத்தின் மரியாதையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது என் கற்பனை அல்ல. கார்களைப் பொறுத்தவரை இதே புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு முன் போயிற்று. உதிரிப் பாகங்களையும் பழுது காணும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்று 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு இனங்கள். அந்த டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். உரிமை என்ற சொல் இங்கே வந்து சேர்ந்ததே ஒரு விபரீதம்தான். மூச்சு விடும் உரிமை என்று யாராவது பேச ஆரம்பித்தால் காற்று எங்கோ விலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

மெக்கானிக் அண்ணாச்சி பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவர். ஐம்பது வயதுக்கு மேல். வெள்ளம் வடிந்த வாரம் அவர் கொட்டகை முன் சுமார் நாற்பது வண்டிகள். டீலரின் வாசலிலும் கூட்டம், இங்கேயும் கூட்டம். கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் வித்தியாசம் புலப்படும். அங்கே நின்றவை முழு இன்ஷூரன்ஸ் உள்ளவை. இங்கே நின்றவை மூன்றாம் நபர் காப்பு மட்டும் உள்ளவை, அதுவும் காலாவதியானவை. காய்கறிக்காரர், கொத்தனார், பீடிக் கடைக்குத் தூள் கொண்டு போகிறவர். ஒரே வெள்ளம் ஊரை இரண்டு வரிசையாகப் பிரித்து நிறுத்தியிருந்தது. என் வண்டி எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அண்ணாச்சிக்கும்கூட.

"சார், உங்களுக்கு க்ளெய்ம் இருக்குல்லா, இங்க எதுக்கு வாறிய?" என்றார். சர்வேயர் பார்த்த பிறகு எந்த ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் பில் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று விதி இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "பில்லுக்கு நான் எங்க போவ? ஜி.எஸ்.டி. நம்பரா வச்சிருக்கேன்?" முப்பது வருஷமாகப் பார்த்த வேலைக்கு அவரிடம் ஒரு ரசீது கிடையாது. வங்கியில் நாங்கள் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களில் அவர் ஜாதிதான் அதிகம். சான்று இல்லாத வேலை நடக்காத வேலை என்று எங்கள் பாரங்கள் நம்புகின்றன. அவருடைய வேலையோ எதிரே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

க்ளெய்மை விட்டுவிடுவதென்று அங்கே நின்றபடி தீர்மானித்தேன். இதில் தியாகம் ஒன்றுமில்லை. வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்தான் என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்தாயிற்று, எஞ்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் நஷ்டம் எனக்கு. உறுத்தியது அந்த எஸ்டிமேட்டின் முதல் வரி. எஞ்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் பார்க்காமலேயே அது எழுதப்பட்டிருந்தது. ஸ்தாபனத்துக்குப் பார்க்கத் தேவையில்லை, மாற்றினால் போதும். மொத்தமாக மாற்றுகிறவனுக்கு எது கெட்டது என்ற கேள்வி அனாவசியம். கிடைக்கும் பணமும் அதில்தான். என் தரப்பில் நான் கொடுக்கப் போவது கூலி அல்ல, பார்க்கும் பொறுப்பை என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் ஸ்தூலமாகத் தெரிந்தது.

இலக்கியத்தில் நமக்கு இது பரிச்சயமான நிலைமை. ஒரு கவிதையை எதிர்கொள்ளும்போது, அதைத் திறக்காமலேயே எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கும் துறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு புதுக் கோட்பாடு, அதற்கான பாகங்களின் பட்டியல். எதிர்ப்புறத்தில் தானே வாசிக்கிறேன் என்று கிளம்புகிற நம்மவர்கள். அவர்களுடைய ஆபத்தும் சின்னதல்ல. முறுக்கு அளவு தெரியாதவன் பிளக்கைப் பூட்டினால் அலுமினியத் தலையில் இழை போய்விடும். பிறகு எந்த பிளக்கும் அங்கே நிற்காது. ஆர்வத்தினால் இழை போன கவிதைகளை நான் சிறுபத்திரிகைகளிலேயே பார்த்திருக்கிறேன். ஆக, 'நானே' என்பதில் தன்னளவில் எந்த மேன்மையும் இல்லை. தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு வருகிற 'நானே'க்குத்தான் மதிப்பு. நம் மரபில் கற்றல் என்பது பெரும்பாலும் இப்படி உட்கார்தல்தான்.

கிறிஸ்துமஸ் லீவில் அண்ணாச்சி கொட்டகையில் உட்கார்ந்தேன். அவர் மற்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே எனக்கு வேலை சொன்னார். பிளக்கைக் கழற்றி, துணி வைத்து, கிக்கரை மெதுவாக மிதிக்கச் சொன்னார். துளையிலிருந்து தண்ணீர் வரவில்லை. "சரி, அடியைத் திறங்க." ட்ரெய்ன் நட்டை அவிழ்த்தேன். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி வரும். அதைத்தான் இருவரும் எதிர்பார்த்திருந்தோம். கறுப்பாக, சுத்தமாக வந்தது. ஓடாமல் நின்ற எஞ்ஜின் தண்ணீரை உறிஞ்சாமல் தப்பியிருந்தது. 21,000 ரூபாயின் முதல் வரி அந்த இரும்புச் சட்டிக்குள் விழுந்து காணாமல் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை; எட்டிப் பார்த்துவிட்டு வேறு வண்டிக்குப் போனார். மாலை வரை ஏர் ஃபில்டர், பெட்ரோல் டாங்க், வீல் பேரிங், பிரேக் டிரம். வண்டல் போகாத இடமில்லை. டிரம்முக்குள் ஒரு சின்ன நத்தை இருந்தது. புது ஆயில் விட்டு ஸ்டார்ட் செய்தபோது சைலன்ஸர் கொஞ்சம் தண்ணீர் துப்பியது, பிறகு ஓடியது. பத்து நிமிஷம் ஓடவிட்டு அந்த ஆயிலையும் வடித்து மறுபடி மாற்றினோம்.

ஆனால் மீட்டரில் எஞ்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவில்லை. கதை இங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையால் உழைப்பவனின் வெற்றி என்று முடிக்கலாம். அண்ணாச்சி விளக்கைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குக் காது பத்தாது சார்." இந்த ரக வண்டிகள் சிலவற்றில் எஞ்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி வைத்தால் விளக்கு விட்டு விட்டு எரியும். நீளமாக எரிந்தால் பத்து, குறுகினால் ஒன்று. என்ணிப் பார்த்தோம்: நீளம் இரண்டு, குட்டை ஒன்று. இருபத்தொன்று. யந்திரம் தன் பழுதைச் சொல்லிவிட்டது. அது என்ன பாஷை என்பதுதான் தெரியவில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் விளக்கு எரிந்தால் டீலரிடம் வரவும் என்று ஒரு வரி. அண்ணாச்சி மதுரையில் யாருக்கோ போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார். அதன் கனெக்டரைப் பிரித்து வண்டலைக் கழுவி உலர்த்தினோம். விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து மூன்றாம் நாள் திரும்ப வந்தது. பாகமே போய்விட்டிருந்தது. வெளியே கிடைக்கவில்லை.

டீலரிடம்தான் போனேன். இன்ன சென்ஸார், இதை மட்டும் மாற்ற வேண்டும், எஞ்ஜினைத் திறக்க வேண்டாம் என்றேன். கவுண்டரிலிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். எப்படித் தெரியும் என்று கேட்டான். சொன்னேன். கேட்ட விலையைக் கொடுத்தேன், கூலியையும். அதில் எனக்கு எந்தத் தோல்வியும் தோன்றவில்லை. பழுதை நான் பார்த்திருந்தேன்; கையை அவர்களிடம் வாடகைக்கு எடுத்தேன். எதை நாமே செய்வது, எதற்குப் பணம் கொடுப்பது என்பதற்கு இப்போதைக்கு என்னிடம் உள்ள அளவுகோல் இவ்வளவுதான். கையை விற்கலாம், வாங்கலாம். கண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறவன் வண்டியை மட்டும் கொடுத்துவிட்டு வருவதாக நினைத்துக்கொள்கிறான்.

இந்த அளவுகோல் எனக்குச் சாத்தியம். என்னிடம் சம்பளம் இருக்கிறது, லீவு இருக்கிறது, சென்ஸாருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. இன்னொரு வரிசையில் நின்றவர்களுக்கு? அவர்களுடையவை பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். அண்ணாச்சியின் காது அவற்றுக்குப் போதும். அவை தேய்ந்து தீரும்போது அவர்கள் கைக்கு வந்து சேரப்போவது என்னுடையதைப் போன்ற வண்டிகள், இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக, மஞ்சள் விளக்கு எரிந்தபடி. அடுத்த வெள்ளத்தில் அவை எந்த வாசலில் நிற்கும் என்பதற்கு நாம் யாரும் பதில் யோசித்ததாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி யோசித்திருக்கிறார். ஜனவரியில் கூலி கொடுக்கப் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் அந்த விளக்கு எண்களை மதுரை, கோவில்பட்டி, தென்காசி என்று போனில் விசாரித்து எழுதி வருகிறார். எண்களுக்கு எதிரே பாகத்தின் பெயர் அவர் காதில் விழுந்தபடி இருந்தது. "இங்கிலீஷ் படிச்சவியதானே, இதைச் சரியா எழுதித் தாங்க" என்றார். கொட்டகை ஸ்டூலில் உட்கார்ந்து பதினொரு வரிகள் எழுதினேன். த்ராட்டில் பொஸிஷன் சென்ஸார், ஆக்ஸிஜன் சென்ஸார் என்று தமிழ் எழுத்தில். வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, சென்ஸார் என்பதை எல்லா இடத்திலும் அடிக்கச் சொன்னார்.

"பையன்களுக்குப் புரியாது. கண்ணுன்னு போடுங்க. காத்துக் கண்ணு, சூட்டுக் கண்ணு, பொகைக் கண்ணு."

அடித்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தேன்.